பந்தலடிச் சிக்னல்

நேற்று தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது மனைவி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள். "இன்னாங்க இது, செடிய மொட்டையடிச்சிட்டீங்க!" பார்த்தால், ஜன்னலோர மணிபிளான்ட்டின் கொழுந்துகள் எல்லாம் தரையில் கிடந்தன. போன் பேசும்போது என் கை சும்மா இருக்காது. போளூருக்கு வந்தும் விடாத இந்தப் பழக்கம், ஜவ்வாது மலையில் ஒட்டிக்கொண்டது.

காவலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. அந்தத் தெருவில் மாடி வைத்த வீடு நான் குடியிருந்தது ஒன்றுதான். ஆசைக்கு நான் ஊன்றிய அவரைக்கொடி, மழை விழுந்ததும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஏறியது. துணி காயும் கயிற்றைச் சுற்றியது. காய்ந்துகொண்டிருந்த என் சட்டைக் கையையும் விடவில்லை. வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "வாத்தியாரே, வூட்ட உனுக்கு வுட்டனா, அதுக்கு வுட்டனா?" என்றார். மாடியிலேயே மூங்கில் பந்தல் போட்டேன். விவசாயி வீட்டுப் பிள்ளை என்று பேர்தான். கொழுந்தைக் கிள்ளிவிட்டால்தான் அவரை அடங்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

கிள்ளியவர்கள் வேறு ஆட்கள். அந்தத் தெருவில் செல்போன் சிக்னல் கிடைத்தது என் மாடியில் மட்டும்தான், அதுவும் பந்தலடியில். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளோடு பேச, சாயங்காலமானால் ஏறி வருவார்கள். ஒரு கையில் போன் இருக்கும். இன்னொரு கை தன்பாட்டுக்குக் கொழுந்து கிள்ளும். பார்த்துப் பார்த்து எனக்கும் தொற்றிக்கொண்டது. கொடி ஓட்டத்தை நிறுத்திக் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

எதிர்வீட்டுக் காளியம்மாவுக்கு மட்டும் பேச ஆள் கிடைக்கவில்லை. அவர் மகன் சின்னத்தம்பி அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போனவன். அவன் போன் அணைந்தே கிடந்தது. "சார், இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க" என்று என்னிடம் போனை நீட்டிவிட்டுக் கிள்ளிக்கொண்டே நிற்பார். அவர் நிற்கும் மூலையில் ஒரு கொழுந்து மிஞ்சாது.

சாமை அறுப்பு முடிந்த சமயம் ஒருநாள் மணி போனது. அவனே எடுத்தான். போனைச் சட்டென்று காளியம்மாவிடம் கொடுத்தேன். கேட்க எவ்வளவோ இருந்திருக்கும். "இன்னாடா, துன்னியா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சநேரம் காது கொடுத்துவிட்டு, "அப்பா ஒண்ணும் சொல்லாது, வூட்டுக்கு வாடா" என்றார். அன்றைக்கு அந்த இன்னொரு கை மூங்கிலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடி நிறையக் காய் பறித்துப் போனார். பொங்கலுக்குச் சின்னத்தம்பி வந்துவிட்டான்.

அடுத்த வருஷம் ஊருக்கு டவர் வந்தது. நல்ல காரியம்தான். அவரவர் வாசலில் நின்று பேசினார்கள். மாடிக்கு ஆள் வருவது நின்றது. அவரைக்கொடி பந்தலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியை மூடி, பக்கத்து வீட்டு ஓட்டில் இறங்கியது. எங்கும் இலைதான், பூவைத் தேட வேண்டியிருந்தது. என் ஒரு கை எந்த மூலைக்குப் போதும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு ஏறி வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே காளியம்மா, திருப்பூருக்குத் திரும்பிவிட்ட மகனோடு போனில் சிரித்துப் பேசியபடி போய்க்கொண்டிருந்தார்.

"மேல வந்துட்டுப் போங்கம்மா" என்றேன்.

சும்மா இருந்த கையை ஆட்டிவிட்டு, பேச்சை விடாமல் நடந்தார்.