உபவாச ஊசி

எங்கள் கிறிஸ்தவ சபையில் அப்பா வகித்த பதவிக்குத் தேர்தல் கிடையாது. சபையை நடத்துகிற சேகரக் கமிட்டிக்கு ஆள் எடுப்பதென்றால் சொந்த மச்சான்களே முகம் பார்க்காமல் போகிற பாளையங்கோட்டையில், சண்டையில்லாமல் கிடைத்த ஒரே பதவி அதுதான். கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபை மொத்தமும் பாயில் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு தின்னும். அதற்கு அசனம் என்று பெயர். அந்த அசனத்தின் கிடாக்கறிக் குழம்பை முதலில் ருசி பார்த்து, “இறக்கலாம் வே” என்று சொல்ல வேண்டியவர் அப்பா. அந்தப் பதவிக்கான தகுதியை அவர் தன் இடுப்பைச் சுற்றி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

ஜங்ஷன் டாக்டருக்கு அந்தத் தகுதி பிடிக்கவில்லை. சர்க்கரை ஏறியிருந்தது. ஈரலில் கொழுப்பு. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது. டாக்டர், எங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன வியாதி என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரித்துவிட்டு, வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசியை எழுதிக்கொடுத்தார். “வீட்டிலேயே நீங்களே போட்டுக்கலாம்” என்றார். அவர் யாரிடம் சொல்கிறார் என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் எடை பார்க்கும் மிஷின்தான் இருந்தது.

ஆட்டோவில் வரும்போது அப்பா நிபந்தனை போட்டார்.

“ஏலே, இது வெளிய தெரிஞ்சுதுன்னா நான் கோயில் வாசல மிதிக்க முடியாது. ஊசி போட்டு மெலியுததுக்கு நான் என்ன சினிமாவுலயா நடிக்கேன்?”

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பவனுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வீட்டில் ஒரு கத்தரிக்காயை வைத்துச் செய்து காட்டினேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்த வேண்டும். போன வாரம் குத்திய இடத்தில் இந்த வாரம் குத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. மருந்து உள்ளே போனபிறகும் அவசரப்பட்டு உருவக் கூடாது. கழற்றிய முனையை மூடி போட்ட கெட்டி டப்பாவில்தான் போட வேண்டும், குப்பைக் கூடையில் அல்ல. பேனா மாதிரி இருக்கிற அந்த மருந்தை ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்தேன். அப்பா அதை ஐஸ் பெட்டிக்குள் வைக்கப் போனார். கெட்டுப்போகாமல் இருக்குமாம். உறைந்துபோனால் மருந்தே வீண் என்று பிடுங்கினேன்.

ஒரு சிக்கல் வந்தது. எதையும் உடம்புக்குள் அனுப்புமுன் ஜெபம் செய்யாமல் அப்பாவுக்குப் பழக்கமில்லை. வயிற்றில் ஸ்பிரிட் தடவியதும் கண்ணை மூடிவிட்டார். “ஆண்டவரே, இந்த ஊசியை ஆசீர்வதியும்” என்று தொடங்கிய ஜெபம் மிஷனரிகளையும் நோயாளிகளையும் தொட்டு, மழைக்கும் பாபநாசம் அணைக்கும் வந்து முடிந்தது. ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்தபிறகுதான் குத்த வேண்டும். ஜெபம் அதற்குத் தோதான நீளம். அப்புறம் மெதுவாக வயிற்று மடிப்பைப் பிடித்துத் தானே குத்திக்கொண்டார். “இவ்வளவுதானா? கொசுவே பரவாயில்லலே” என்று ஏமாந்த குரலில் சொன்னார்.

வாரங்கள் போகப் போக அப்பாவுக்குப் பசி குறைந்தது. பண்டிகைக் கமிட்டிக் கூட்டத்தில் உளுந்தவடைத் தட்டு அவரைத் தொடாமலே அடுத்தவரிடம் போயிற்று. கமிட்டி தட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தது. அப்பா வடையை மறுத்ததற்கு இயற்கையான காரணம் எதுவும் இருக்க முடியாது என்று ஐயர் முடிவு செய்தார். (எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், “நம்மிடையே ஒருவர் பண்டிகைக்காக ரகசியமாய் உபவாசம் இருக்கிறார். பேர் சொல்ல விரும்பவில்லை” என்று சொல்லிவிட்டு நேராக அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மட்டும் நான்கு பேர் தங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் போனார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் எங்கள் வீட்டில் முதலில் திறப்பது ஃப்ரிட்ஜைத்தான். மீன்குழம்புச் சட்டியைத் தேடியவள் கையில் பேனாவோடு வந்தாள்.

“தம்பி, உன் உபவாசம் டப்பாவுல வருதா?”

அப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

“எனக்கும் ஒரு குத்துப் போட்டு விடு. மக கல்யாணத்துக்கு எடுத்த ரவிக்க கையில ஏற மாட்டேங்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“டாக்டர்ட்ட கேளுங்க அத்தை” என்றேன்.

“கேக்காமலா இருப்பேன்? போன வருசம் கணையம் வீங்கி ஆஸ்பத்திரில கெடந்தேம்லா? அதச் சொல்லி, உனக்கு இந்த ஊசியே ஆகாதுன்னுட்டாரு. அவருக்கு என்ன தெரியும்? அசனத்துக்குள்ள பதில் சொல்லு தம்பி. இல்லன்னா பந்தியில வச்சு நானே சாட்சி சொல்லுதேன்.”

எங்கள் தெருவில் குழம்பு, குடை, குக்கர் எல்லாம் வீடு மாறிப் போகும். கேட்டதை இல்லையென்பது அவமரியாதை. அத்தை போனதும் அப்பா மெதுவாகக் கேட்டார்:

“புது முனைய மாட்டிட்டாப் போதும்லாலே?”

“போதாதுப்பா. ரத்தம் பேனாவுக்குள்ளயே ஏறியிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் பேனா ஒருத்தருக்குத்தான். அத்தைக்குக் கணையம் வேற ஏற்கனவே வீங்கினது. உயிருக்கே ஆபத்து.”

“அவ பந்தியில சொல்லிட்டா?”

அந்த வாரம் முழுக்க அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் போகும்போதெல்லாம் நானும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அசனம் வந்தது. அப்பா கரண்டிக் குழம்பை நாக்கில் விட்டார். “இறக்கலாம் வே” என்றார். பந்தியில் அவர் இலையில் ஒரு பிடி சோறும் ஒரு துண்டும் மட்டும். நான் குழம்பு வாளியோடு நின்றேன். எதிர்ப் பந்தியிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

“என்ன தம்பி, உபவாசம் இன்னும் முடியலையோ? நான் கேட்டதுக்குப் பதில் என்ன?”

பந்தி முழுக்கத் திரும்பியது. அப்பா என்னைப் பார்த்தார். என்னிடம் வாளிதான் இருந்தது. அவர் இலையைத் தாண்டி எழுந்து நின்றார்.

“முடியாதுக்கா. அதான் பதில்” என்றார். பிறகு ஐயர் பக்கம் திரும்பினார். “உபவாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டாக்டர் எழுதின ஊசி. வாரத்துக்கு ஒருக்க நானே வயித்துல குத்திக்கிடுதேன். அதான் பசிக்கல. நீங்களா நெனச்சிய, நானும் பேசாம இருந்துட்டேன்.”

பந்தியில் எல்லோரும் இப்போது ஐயரைப் பார்த்தார்கள். அப்புறம் மூலையிலிருந்து யாரோ, “நாலு வீட்டுல ஜெபம் பண்ணி காப்பி குடிச்சாரே வே, அதுவும் ஊசியா?” என்றார். சிரிப்பு பாய் பாயாக நகர்ந்தது. “அப்போ அடுத்த வருசம் ருசி பாக்க வேற ஆளப் பாரும்” என்று கமிட்டியில் ஒருவர் தொடங்கினார். அந்த வாய்ப்புக்காகவே அவர் பல வருடம் காத்திருந்தவர்.

சமையல் அண்ணாச்சி அண்டாவிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஊசிய வயித்துலதானவே குத்துதாரு? நாக்குலயா குத்துதாரு?”

அத்தை என்னைக் கூப்பிட்டு, இரண்டு கரண்டி கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தலை நிமிரவில்லை. அப்பா உட்கார்ந்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

பந்தி மறுபடி இரைச்சலானதும் ஐயர் அங்கியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். கண்டிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து வாளியோடு நெருங்கினேன்.

“எந்த டாக்டர்?” என்றார் ஐயர், உதடு அசையாமல்.

“கூட்டிட்டே போறேன், ஐயரே. அவரு பாத்து என்ன சொல்லுதாரோ அதச் செய்யுங்க” என்றார் அப்பா. “ஆனா என் பேனாவ மட்டும் கேட்டுராதிய.”