அண்ணன் பாதியில் விட்ட ஸ்பீக்கர்

அண்ணனை அடக்கம் செய்து ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போனார். சாக்கை விலக்கி, அண்ணன் கிதாருக்காகச் செய்துகொண்டிருந்த ஸ்பீக்கர் பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்தார். நான்கு பக்கமும் கூடியிருந்தது. முன்பலகையும் பின்பலகையும் இன்னும் மாட்டாததால், இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துக் கோழிக்கூண்டு தெரிந்தது.

எழுபதுகளின் பின்பாதி அது. அண்ணன் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் காயவைக்கும் ஒரு ஸ்டோரில் வேலை பார்த்தான். சனிக்கிழமை இறங்கி வருவான். ஞாயிறு மாதா கோயிலில் பூசைக்குக் கிதார் வாசிப்பான். மற்ற நேரமெல்லாம் மார்க்கையன்கோட்டையில் இருந்த ஒரு நண்பரோடு சேர்ந்து கல்யாணக் கச்சேரிகள். ஒரு மழைநாளில் அவன் ஏறி வந்த ஜீப் கொண்டை ஊசி வளைவில் உருண்டது. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் அப்பாவும் கேட்கவில்லை.

பலகை வாங்க அவனிடம் காசில்லை. மேலே தேயிலை அனுப்புகிற ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் உடைந்ததைப் பொறுக்கி, பஸ் டாப்பில் போட்டுக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் அட்டைபோல் மெலிசு. மூன்று மூன்றாக வஜ்ரப் பசை தடவி ஒட்டி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து இறுக்கினான். வஜ்ரம் காய்ச்சும் நாற்றம் தாங்காமல் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அப்பாவுக்குத் தச்சு வேலை தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பையன்களுக்குக் கைத்தொழில் வகுப்பு எடுத்த பழக்கத்தில் ரம்பம் பிடிக்கத் தெரியும், அந்த அளவுதான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

"இங்கன வந்து இந்தப் பக்கத்தைப் பிடி, தாயி," என்றார்.

பிடித்துக்கொண்டேன்.

முன்பலகையில் ஸ்பீக்கர் உட்காருவதற்கான வட்டத்தை அண்ணனே பென்சிலால் போட்டு வைத்திருந்தான். அப்பா அந்தக் கோட்டுக்கு உள்ளேயே அறுத்துக்கொண்டு போனார். கோடு எங்கும் அழியாமல் முழுசாக நின்றது. அறுத்து முடித்து, மதுரையிலிருந்து அண்ணன் வாங்கி வந்திருந்த ஸ்பீக்கரை எடுத்து வைத்தால் உள்ளே இறங்கவில்லை. கோடு வரைக்கும் ராவினால்தான் இறங்கும். அப்பா அரத்தைக் கையில் எடுத்தார், அண்ணன் போட்ட கோட்டைப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ ராவு. நான் தண்ணி குடிச்சிட்டு வாறேன்."

நான் வேலையை முடிக்கும் வரைக்கும் அவர் வரவில்லை. பென்சில் கோடு தூளாகி என் மடியில் விழுந்தது.

அம்மா இதிலெல்லாம் பட்டுக்கொள்ளவே இல்லை. பெட்டி என்ற சொல்லே அவளுக்கு ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "வாத்தியார் பெட்டி செய்றாகளாமே," என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்துக்கு அவனைக் கொண்டுபோனதும் பெட்டியில்தானே. அன்றிலிருந்து நாங்கள் ஸ்பீக்கர் என்று மட்டும் சொல்லப் பழகினோம்.

வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க அந்த மார்க்கையன்கோட்டை நண்பர் ஒருநாள் வந்தார். உள்ளே கையை விட்டுத் தட்டிப் பார்த்தார்.

"சுத்திவரப் பஞ்சு ஒட்டணும் சார். இல்லாட்டி சத்தம் உள்ளயே முட்டி முட்டித் திரும்பும்."

அப்பா போடிக்குப் போய்ப் பஞ்சு வாங்கி வருவதாகச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அம்மா அண்ணனுடைய தலையணையை எடுத்து வந்து, அரிவாள்மனையில் தையலைப் பிரித்தாள். "கடையில எதுக்கு," என்றாள். இலவம் பஞ்சு காற்றில் கிளம்பி அவள் தலையிலும் புருவத்திலும் ஒட்டியது. உறையை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நானும் அப்பாவும் பஞ்சைப் பழைய வேட்டித்துணியில் வைத்துத் தைத்து, உள்ளே சிறு ஆணிகளால் அறைந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நண்பர் கிதாரையும் ஆம்ப்ளிபயரையும் கொண்டுவந்தார். வயரை மாட்டியதும் ஸ்பீக்கர் மெல்ல முனகியது. அம்மா நிலைப்படி அருகே நின்றாள். அவர் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். சத்தம் தரையோடு வந்து என் பாதத்தில் ஏறியது. தடித்த கம்பிக்கு அடுத்த கம்பியைத் தட்டியபோது கூடவே இன்னொரு சத்தம். கிர்ர் என்று, யாரோ பல்லைக் கடிப்பதுபோல.

திருகாணி லூசாக இருக்கும் என்றார் நண்பர். எல்லாவற்றையும் முறுக்கினோம். பின்பலகையைக் கழற்றி மாட்டினோம். அந்தக் கம்பிக்கு மட்டும் அது வந்துகொண்டே இருந்தது.

"அது இதுக்குள்ள இல்ல," என்றாள் அம்மா. "அங்கன, அறைக்குள்ள கேக்குது."

அறையில் கட்டிலுக்கு அடியில் அண்ணனுடைய டிரங்குப் பெட்டி இருந்தது. ஸ்டோரிலிருந்து ஆள் கொண்டுவந்து கொடுத்ததை அப்படியே தள்ளி வைத்திருந்தோம், யாரும் திறக்கவில்லை. அதன் தகரக் கொக்கிதான் அதிர்ந்துகொண்டிருந்தது.

அப்பா குனிந்து தரையில் உட்கார்ந்து கொக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சத்தம் நின்றது. கையை எடுத்தார்.

"இன்னொரு தடவை அடிங்க தம்பி," என்றார்.

நண்பர் அடித்தார். கொக்கி அதிர்ந்தது.

"இன்னொரு தடவை."

எத்தனை முறை அப்படிக் கேட்டார் என்று தெரியாது. கடைசியில் அம்மாதான் உள்ளே வந்து அப்பாவின் தோளைத் தொட்டு, "போதுங்க," என்றாள். அப்பா எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கே நண்பர் ஸ்பீக்கரைக் கொண்டுபோகட்டும் என்று அப்பாவும் அம்மாவும் சொல்லிவிட்டார்கள். பஸ் டாப்பில் ஏற்றிக் கட்டுவதை நான் நின்று பார்த்தேன். பிறகு அது பள்ளத்தாக்கு முழுக்கக் கச்சேரிகளுக்குப் போனது. நல்ல சத்தம் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்க் கேட்கவில்லை.

மறுநாள் அம்மா டிரங்கைத் திறந்துவிட்டாள். நான் கடைக்குப் போய் வருவதற்குள் அண்ணனின் சட்டைகளும் மலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பச்சை ஸ்வெட்டரும் கொடியில் காய்ந்தன. முற்றமெங்கும் ஏலக்காய் வாசம். "பூசணம் பிடிச்சிரும்ல," என்று மட்டும் சொன்னாள்.

அந்த மார்கழியில் பனி அதிகம். அப்பா ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் வாய்க்கால் பக்கம் போய்விட்டு மூட்டத்துக்குள் அவர் திரும்பி வருவார். அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே நடை என்பதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பாள். முகம் தெரிகிற தூரத்துக்கு அவர் வந்து சேரும்வரை கோலத்தை ஆரம்பிக்க மாட்டாள்.