என் அப்பப்பாவுக்கு ஒரு கல்

இன்றைக்கும் டிரைவேயைக் கழுவும்போது ஈரக்கல் மணந்தால் எனக்குக் கெவின்மீது பொறாமை வந்துவிடும். எண்பத்தேழில், நாங்கள் புலம்பெயர்ந்திருந்த மார்க்கம் நகரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல் மூடிய பழைய இடுகாடு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் என் வகுப்புத் தோழன் கெவினின் குடும்பமே வந்து, வாளித் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷுமாக, காடு வெட்டிக் குடியேறிய தங்கள் மூதாதையரின் கற்களைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தேய்க்கும். அவனுக்கு அங்கே பதினொரு பேர். எனக்கு ஒருவருமில்லை, என் அப்பப்பாவின் சாம்பல் ஊரில் கீரிமலைக் கடலில் கரைந்து வருடங்களாகியிருந்தன.

பொறுக்கமாட்டாமல், பாசியில் பெயர் மறைந்த மூலைக்கல் ஒன்றுக்கு மூன்று கோடாகத் திருநீறு பூசி அவரை அங்கே குடியேற்றினேன்.

"சுடலைக்குப் போட்டு உப்பிடியே உள்ள வராதை, முழுகிப்போட்டு வா" என்று அம்மா ஒவ்வொரு முறையும் தோட்டத்துக் குழாயைக் காட்டுவார்.

ஒரு சனி, கெவினின் தாய் பிரஷ்ஷுடன் அந்தக் கல்லிடம் போனார். பயத்தில் படித்த ஆங்கிலமெல்லாம் ஓடிவிட, "அது என்ர அப்பப்பா" என்று தமிழில் கத்தினேன். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தேய்த்தார். திருநீற்றுக்குக் கீழிருந்து எழுத்துகள் எழும்பின: மார்த்தா, அன்பு மனைவி.

அவர்கள் இத்தனை நாளாகத் தேடிய பூட்டியாம். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன், கெவினுக்கு இப்போது பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.