பின்னால் திரும்பிய ஏசிகள்

பனிக்கட்டியார் பிறந்தபோது அழவில்லை. அவ்வளவு வெயில். அழுதால் வியர்க்கும் என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. பயந்துபோன மருத்துவச்சி ஓர் அட்டையை எடுத்து விசிறினாள், குழந்தை சிரித்தது. விசிறுவதை நிறுத்தியதும் அது போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்குத் தூக்கம் கலைந்தது. அங்கே இருந்தவர்கள் இதை இப்படிச் சொல்வதில்லை. இருந்தவர்களுக்கு எப்போதும் பாதிதான் தெரியும்.

பள்ளி நாட்களில் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பாடம் படிப்பார். அதனால் வந்தது பட்டப்பெயர். அதனால்தான் இன்றைக்கும் அவர் ஒப்பிக்கும் செய்யுள்களில் லேசாக வெங்காய வாசனை அடிக்கிறது. அப்படிப்பட்டவர் ஏசி மெக்கானிக் ஆகாமல் வேறென்ன ஆவார்?

அவர் குடியிருந்த சந்து மிகவும் குறுகல். இருபுறமும் ஐந்து மாடிக் கட்டடங்கள். இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் எதிர்ப்பக்கத்தில் கைக்குட்டையை எடுப்பார்கள். அங்கே முதல் ஏசி வாங்கியவர் மூன்றாம் மாடிப் பல் வைத்தியர். பொருத்தியவர் பனிக்கட்டியார். ஏசி என்பது குளிரைச் செய்கிற இயந்திரம் அல்ல. அறையிலுள்ள சூட்டை வாரி வெளியே கொட்டுகிற இயந்திரம். கொட்டுகிற பெட்டியை வைக்க அந்தக் கட்டடங்களில் ஜன்னலுக்குக் கீழே ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஆகவே பல் வைத்தியர் அறையின் சூடு முழுவதும் எதிர்வீட்டுத் தையல்காரர் முகத்தில் அடித்தது. தையல்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று வாங்கினார். அதன் சூடு இந்தப் பக்கம் இன்னும் இரண்டு வீடுகளை வாட்டியது. அவர்களும் வாங்கினார்கள். பனிக்கட்டியார் ஒரு வீட்டில் வேலையை முடித்து ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் எதிர் ஜன்னலில் கைதட்டிக் கூப்பிடுவார்கள்.

சந்து அடுப்பாயிற்று. ஈரத் துணியை வாளியிலிருந்து கொடிக்குக் கொண்டுபோவதற்குள் அது காய்ந்து, மடித்தும் கொண்டது. சுருட்டை முடிப் பூனை ஒன்று இந்த முனையில் நுழைந்து, அந்த முனையில் இஸ்திரி போட்டதுபோல் வெளியே வந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது, இனிவரும் கோடைகளில் இரவுகூட ஆறாது என்று தொலைக்காட்சியில் ஒரு விஞ்ஞானி எச்சரித்தார். சந்தே ஏசி அறையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டது. பனிக்கட்டியாரும் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஏசிப் பெட்டிகளின் இரைச்சலில் விஞ்ஞானி பேசுவது சரியாகக் கேட்காததால், டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு மேலும் வருத்தப்பட்டார்.

கடைசியில் அவருடைய வீட்டுக்கும் ஓர் ஏசி வந்தது. நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்து, ஒரு நூல் பிசகாமல் நேராகப் பொருத்தினார். வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் பொருத்தியதில்லை. அந்த நேர்கோட்டின் மறுமுனையில், எதிர்வீட்டில், அவருடைய மாமியாரின் கட்டில் இருந்தது.

மாமியார் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். தூங்கும்போதும் கழற்றாததால் குறட்டைகூட விசிலாகத்தான் வரும். அன்று மதியத் தூக்கத்தில் அந்த விசில் இடைவிடாமல் அலறியது. பனிக்கட்டியாரின் மனைவி ஓடிப்போய்ப் பார்த்தபோது, மேசைமேல் இருந்த மெழுகுவத்தி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி உருகி, அம்மா உட்காரும் வடிவத்திலேயே பள்ளமாகி நின்றது.

மனைவி பேருந்து நடத்துநர். நெரிசலில் குரலை உயர்த்தியே பழகியவர். அன்று உயர்த்தவில்லை. பெட்டியை மட்டும் கைகாட்டினார்.

"வெளியதானே வச்சிருக்கேன்" என்றார் பனிக்கட்டியார்.

"நீங்க வெளியன்னு சொல்றது எங்கம்மாவோட படுக்கையறை. அந்தப் பெட்டியோட மூஞ்சி அம்மா கட்டிலை விட்டுத் திரும்பட்டும். அப்புறம் வரேன்."

பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். பனிக்கட்டியார் வீட்டில் குளிர் இருந்தது. வேறு எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலருகே நின்று எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெட்டியின் முகத்தை மேலே தூக்கினார். மேல்மாடித் தையல்காரரின் கத்தரிக்கோல் சூட்டில் வாய் பிளந்துகொண்டது. கீழே சாய்த்தார். கீழ்வீட்டுத் தொட்டியில் மீன்கள் ஓரமாக ஒதுங்கி ஒன்றன் நிழலில் ஒன்று நின்றன. பக்கவாட்டில் திருப்பினார். வயலின் ஆசிரியரின் தந்திகள் தளர்ந்து, எந்தப் பாட்டை வாசித்தாலும் தாலாட்டாகி, மாணவர்கள் தூங்கிவிழுந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே யாரோ ஒருவர் குடியிருந்தார். பெட்டி பழைய இடத்துக்கே வந்தது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மாமியாரையே தன் வீட்டுக்கு அழைத்துவிட்டால்? கட்டிலில் ஆள் இல்லையென்றால் வழக்கே இல்லை.

மாமியார் தலையணையும் தேநீர்க் கெண்டியுமாக வந்து இறங்கினார். முதலில் ஏசியைத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் போர்வை கேட்டார். சாயங்காலம் வந்தபோது, "மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு குறைங்க" என்றார். மனைவியோ வரவில்லை. பெட்டியின் மூஞ்சி திரும்ப வேண்டும் என்பதுதான் பேச்சு. கட்டில் காலியாவது பேச்சில் இல்லை. வேலை முடிந்து வந்து, அந்தச் சூட்டிலேயே ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஆக, பனிக்கட்டியார் மனைவியைக் கேட்டார், மாமியார் கிடைத்தார்.

பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"அதுல கை வச்சீங்கன்னா மைதானத்தைச் சுத்தி ஓட விட்டுருவேன்."

"உங்க பொண்ணு அங்க வேகறா அத்தை."

"சின்ன வயசுதானே. தாங்குவா."

இதைக் கேட்டதும் பனிக்கட்டியாருக்கு முதல்முறையாக அந்தக் குளிரில் உடம்பு சூடாயிற்று. தான் நேற்றுவரை நினைத்ததைத்தான் அத்தை இன்று வாய்விட்டுச் சொல்கிறார். ஸ்பேனரை எடுத்தார். மிச்சமிருந்த ஒரே திசையில் பெட்டியைத் திருப்பினார்: தன் சமையலறைக்குள். அறிவியல்படி இது சுத்தப் பைத்தியக்காரத்தனம். விருந்தாளியை முன்வாசலில் வழியனுப்பிவிட்டுக் கொல்லைப்புறம் ஓடி வரவேற்பதற்குச் சமம். ஆனால் இனி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

மாமியாருக்குத் தேநீர் இல்லாமல் நாள் நகராது. மாப்பிள்ளை சமையலறைக்குள் போக மறுத்துவிட்டதால் தாமே போனார். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே கெண்டி கொதித்ததாகக் கேள்வி. திரும்பி வந்தபோது முகம் செங்கல் நிறம். விசிலை உதட்டில் வைக்க முடியாத சூடு. ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தார். குப்பென்று தையல்காரர் வீட்டுச் சூடு உள்ளே வந்தது.

"யார் வீட்டுச் சூடு இது?" என்றார் மாமியார்.

விசிலை ஈரத்துணியில் துடைத்து ஆறவைத்துக்கொண்டு சந்தில் இறங்கி ஊதினார். ஜன்னலெல்லாம் தலைகள். பாதிப்பேர் அவரிடம் பள்ளியில் படித்தவர்கள்.

"எல்லாப் பெட்டியும், பின்னால் திரும்பு."

பெட்டிகள் திரும்பவில்லை. ஆனால் பல் வைத்தியரும் தையல்காரரும் பழைய பழக்கத்தில் தாங்களே திரும்பி, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றார்கள். மற்றதைப் பனிக்கட்டியார் ஸ்பேனரோடு வீடு வீடாகப் போய் முடித்தார். மாட்டேன் என்றவர் வீட்டு வாசலில் மாமியார் விசிலோடு உட்கார்ந்தார். யாராலும் அதிக நேரம் மாட்டேன் என்று இருக்க முடியவில்லை.

தன் சூடு தன் வீட்டிலேயே சுற்றத் தொடங்கியதும் ஏசி போடும் ஆசை எல்லோருக்கும் தணிந்துவிட்டது. மிகவும் முடியாத மதியங்களில் கொஞ்சம் போட்டார்கள். மற்ற நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பூமி குளிர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய பொய் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. சந்து ஆறியது. பூனைக்குச் சுருட்டை திரும்பியது.

கடைசி வீட்டுப் பெட்டியும் திரும்பிய மாலை, பனிக்கட்டியார் வாசற்படியில் நின்று எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால், போவதா இருப்பதா என்று முடிவாகாமல், தலையணையோடு மாமியார். சந்தைக் கடந்து பையோடு வந்த மனைவி, ஜன்னலுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு படியேறி வந்து, பேருந்துக் குரலில் சொன்னார்:

"படியில நிக்காதீங்க. உள்ள தள்ளிப் போங்க."

இருவரும் உள்ளே தள்ளிப் போனார்கள். மாமியார் பழக்கதோஷத்தில் ஒரு விசில் ஊத, வீடு கிளம்பிற்று.