பெட்டியின் முதுகில் ஒட்டிய டேப்

நேற்று மகள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. தூக்கி வந்த ஆட்கள் படி இறங்குவதற்குள் அவள் கத்தியோடு வந்து பிளாஸ்டிக்கை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். மூலையில் நகக்கண் அளவு ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. அந்தப் புதுப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு பஹ்ரைன் ஞாபகம். மற்றவர்களுக்கு அத்தர் வாசனையில் அரபு நாடு நினைவு வருமாம். எனக்கு வாய்த்தது இது.

ஈசா டவுனில் இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எதையும் உரிக்கக் கூடாது. ரிமோட்டுக்கு உறை, மிக்சிக்கு உறை. சோபா உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் சேலையோடு கூடவே வரும். "எல்லாம் ஊருக்குப் புதுசாப் போவணும்" என்பார் அவர். அந்த வீட்டில் உறை போடாமல் பழசாகிக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான்.

கம்ப்யூட்டர் வந்தபோதும் அதே கதை. பெட்டியை அது வந்த பிளாஸ்டிக் பைக்குள்ளேயே வைத்து, ஒயர் நுழைய மட்டும் ஓட்டை போட்டார். மகள் ரிஸ்வானா அப்போது பிளஸ் டூ. அவளுக்குக் கார் பந்தய விளையாட்டில் பைத்தியம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவள். அவள் அருகில் உட்கார்ந்து காய் நறுக்கியபடி கார் முட்டும்போதெல்லாம் "யா அல்லாஹ்" என்று கத்துவேன்.

கொஞ்ச நாளில் அந்தக் கார் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்றாள். அவள் வாப்பாவுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்க்கும் எண்ணம்.

"மொதல்ல இந்தப் பொட்டிய ஒழுங்காக்கிக் காட்டு புள்ள. ஓடுச்சுன்னா படிக்க வைக்கிறேன். இல்லேன்னா கலாஸ்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தாள். படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தாள், கார் திக்கியது. மற்ற புரோகிராமையெல்லாம் மூடிப் பார்த்தாள், அப்போதும் திக்கியது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்ததில் முதல் பத்து நிமிஷம் பறக்கிறது, அப்புறம்தான் படுக்கிறது. அணைத்து ஆறவிட்டால் மறுபடி பறக்கிறது. பெட்டியை ஏசிக்கு நேரே நகர்த்தினாள், பத்து நிமிஷம் பதினைந்தாயிற்று.

"சூடும்மா. கைய வச்சுப் பாருங்க, தோசைக்கல்லு மாரி இருக்கு. சூடு தாங்காம அதுவா வேகத்தக் கொறச்சுக்கிது. உள்ள காத்தாடி சுத்துது, ஆனா காத்து வெளிய போவ வழியில்ல."

"அப்போ பையக் கழட்டிரு."

"வாப்பா வைவாஹ."

அதனால் பெட்டியின் பின்பக்கம், காத்தாடி ஊதும் இடத்தில் மட்டும், பையைப் பிளேடால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினாள். இதை என்னிடம் சொல்லவில்லை. வியாழன் முழுக்கக் கார் திக்காமல் ஓடியதைத்தான் சொன்னாள், முகமெல்லாம் பல்லாக.

வெள்ளிக்கிழமை காலை புழுதிக் காற்று. ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியின் முதுகில் கிழிசல் தெரிந்தது. அவர் பார்த்தால் பிள்ளையைத் திட்டுவாரே என்று, அட்டைப்பெட்டி ஒட்டும் அகல டேப்பை எடுத்து இரண்டு சுற்று ஒட்டிவிட்டேன். அழகாகத்தான் ஒட்டினேன்.

ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து, அவர் சோபாவில் முனகலோடு உட்கார்ந்தார். அவள் காரை எடுத்தாள். பறந்தது. "அடேயப்பா!" என்றார். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். பிறகு அந்தப் பாழாய்ப்போன கார் திக்கியது.

ரிஸ்வானா எழுந்து பெட்டியைத் திருப்பினாள். டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. டேப்பைச் சொன்னால் கிழிசலைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு நல்ல மனநிலையில் இருக்கிற மனுஷன் கத்துவார். வாய்க்கு வந்தது என் வழக்கமான வேடிக்கைதான்.

"இதுக்கு ஒட்டகத்த வாங்கியிருக்கலாம். வெரசாவும் ஓடும், பாலும் கறக்கலாம்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே, "மாஃபி புள்ள, படிப்பு இல்ல, கலாஸ்" என்றார். அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போனாள். அவள் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மறு வருஷம் அவளுக்கு நிக்காஹ். கம்ப்யூட்டர் ஊருக்கு வந்தது, அவர் ஆசைப்பட்டபடியே புதுசாக, டேப்போடு. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. அவரும் மௌத்தாகிவிட்டார். அந்த நோட்டை மட்டும் எத்தனையோ தடவை தேடிவிட்டேன். காணோம்.

நேற்று ஃப்ரிட்ஜை உரித்து முடிக்கும் நேரத்தில் பேரன் உள்ளேயிருந்து கத்தினான்:

"உம்மா, கேம் ஸ்லோவாவுது! வந்து என்னான்னு பாருங்களேன்!"

"எனக்கு என்னடா தெரியும் அதப் பத்தி? கடைக்காரங்களக் கூப்புடு" என்றாள் ரிஸ்வானா, பிளாஸ்டிக்கைச் சுருட்டியபடி.

என் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். அன்றைக்கு விழுங்கியிருக்க வேண்டும்.