ஒரு படி தவிடு

வீட்டில் யாராவது வயிறு குலுங்கச் சிரித்தால் சிவசாமிக்குப் பொறுக்காது. கோபம் இல்லை, பயம். "போதும்லா. இன்னிக்குச் சிரிச்சா நாளைக்கு அழணும்" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். பின்கட்டில் குழாயைத் திறந்து, கழுவிய காலையே மறுபடி கழுவுவார். மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோவில், தொழிற்சாலை ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். ஒரு டன் சரக்கை மூன்றாம் தட்டில் ஏற்றும்போது நடுங்காத கை, மகள் தேவிஸ்ரீ ஓடிவந்து கட்டிக்கொண்டால் எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும்.

காரணம் இருந்தது. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது பிறந்த முதல் பையன் மூன்றாம் நாளே போய்விட்டான். அடுத்தது பெண். அவளுக்கு ஒரு வயது நிறைந்த அன்று சிவசாமி ஜாசினுக்குப் போய், சர்க்கரையில் ரோஜாப்பூ வைத்த கேக் வாங்கி வந்தார். வரிசைவீட்டு லயமே கூடித் தின்றது. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "எம் மவளப் பாருங்க" என்று வரிசை முழுக்க நடந்தார். பதினோராம் நாள் காய்ச்சலில் அவளும் போனாள். காய்ச்சலுக்கும் கேக்குக்கும் சம்பந்தமில்லை என்று மனைவி ராஜம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் மறுத்துப் பேசியதில்லை. ஒத்துக்கொண்டதும் இல்லை.

எண்பத்தேழில் தேவிஸ்ரீ பிறந்தாள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, தவிட்டுக்கு விலைக்கு வாங்கிக்கொள்வது தோட்டத்து வழக்கம். வாங்கிய பிள்ளையை எமன் தேடி வரமாட்டான் என்று நம்பிக்கை. எதிர்லயத்துக் குஞ்சம்மா, ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள், குழந்தையை மடியில் வாங்கினாள். ராஜம்மா ஒரு படி தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். தவிட்டைக் குஞ்சம்மாவின் கோழிகள் தின்று தீர்த்தன.

மற்றவர்களுக்கு அந்தச் சடங்கு அன்றோடு முடிந்தது. சிவசாமிக்கு முடியவில்லை. யார் விசாரித்தாலும், "குஞ்சம்மா புள்ள. நாங்க வளக்குறோம்" என்பார். கூப்பிடுவதும் 'தவிடு' என்றுதான். பிறந்தநாளன்று ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். எமன் எங்கோ நின்று ஒட்டுக்கேட்கிறான் என்பது அவர் எண்ணம். ஒட்டுக்கேட்டது குழந்தைதான்.

இரண்டு குடும்பங்களும் தோட்டத்தை விட்டு ஆயர் குரோவில் ஒரே தாமான் குடியிருப்புக்குக் குடிவந்திருந்தன. இரண்டு தெரு இடைவெளி. தொண்ணூற்றாறில் ஒரு சனிக்கிழமை, பசாரில் மீன் வாங்கும்போது தேவிஸ்ரீயின் புது டீச்சர் சுசீலா எதிரே வந்தார்.

"உங்க மகளா சார்? வகுப்புல இவதான் முதல். கெட்டிக்காரி."

புகழ்ச்சியைக் கேட்டதும் சிவசாமி அக்கம்பக்கம் பார்த்தார். "எங்க மவ இல்ல டீச்சர்" என்றார் அவசரமாக. "குஞ்சம்மா புள்ள."

மீன் பையைப் பிடித்துக்கொண்டு தேவிஸ்ரீ பக்கத்தில்தான் நின்றாள். மறுநாள் ஞாயிறு, அவளுக்கு ஒன்பது வயது நிறையும் நாள். காலையில் அவளைக் காணோம். பள்ளிப்பையும் தலையணையும் கூட இல்லை.

சிவசாமி தேடிப் போனபோது குஞ்சம்மா கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றாள்.

"வாடா சாமி. எம் புள்ள வந்திருச்சு பாத்தியா, தலகாணியோட."

"வெளையாடாதீங்கக்கா. அனுப்புங்க."

"எதுக்கு அனுப்பணும்? ஒம்போது வருசமா ஊரெல்லாம் நீதானே சொன்னே? எனக்கே இப்ப நம்பிக்கை வந்திருச்சுலா."

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் வரல பெரியம்மா. அவரப் போகச் சொல்லுங்க."

அப்பா என்று சொல்லவில்லை. அவர் என்றாள்.

"தவிடு, வாம்மா."

"எம் பேரு தவிடு இல்ல."

சிவசாமி தலையைச் சொறிந்தார். "வேணும்னா தவிடு வாங்கியாறேன்க்கா. மொறையா மறுபடியும்…"

"இந்தத் தாமான்ல நான் கோழியா வளக்குறேன்? தவிட்டத் தின்னுட்டு நானா முட்ட போடுறது? இன்னிக்கு என்ன நாளுன்னு ஒனக்குத் தெரியும். பேரு எழுதிக் கேக்கு வாங்கியா. அப்பறம் பேசலாம்."

"அது மட்டும் வேணாம்க்கா."

"அப்ப தலகாணி இங்கயே கெடக்கட்டும்."

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒரு சிலிப்பரின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. குத்திக் கொடுத்தது அவர்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கேக் வாங்கவில்லை, தூக்கிக் கொஞ்சவில்லை, பேர் சொல்லவில்லை. இருந்தும் அவள் போய்விட்டிருந்தாள், இரண்டு தெரு தள்ளி.

மோட்டார் சைக்கிளை மலாக்காவுக்கு விட்டார். கேக் கடைப்பெண், எழுத வேண்டிய பெயரை மலாயில் கேட்டாள். 'த' என்று வாய் தொடங்கி நின்றது. பிறகு பிறப்புப் பத்திரத்தில் பார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ரோஜாப்பூ வைக்கவா என்று அவள் கேட்டதும் வெளியே தெருவைப் பார்த்தார். கடைசியில் தலையாட்டினார்.

பெட்டியை முன்கூடையில் வைத்து, பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடிக்க அடிக்க, ஊர்ந்து வந்து சேர்ந்தார். குஞ்சம்மா கேட்டைத் திறக்கவில்லை.

"யாரு புள்ளைக்கு இது?"

"எம் புள்ளைக்கு."

"காதுல விழலலா. அங்க காடி கழுவுறானே சேகரன், அவனுக்கும் விழணும்."

"எம் புள்ள!" சேகரன் பக்கம் திரும்பினார். "எம் மவ தேவிஸ்ரீ!"

எதிர்வீட்டுச் சேகரன் கார் கழுவிய தண்ணீர்க் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். தண்ணீர் அவன் கைலியை நனைத்தது. திரை விலகியது. தேவிஸ்ரீ தலையணையை இடுக்கிக்கொண்டு வந்தாள். முதலில் பெட்டியைப் பார்த்தாள். பிறகுதான் அவரை.

"பூ எனக்காப்பா?"

அதற்குப் பிறகு சிவசாமி நாட்களை எண்ணினார். எண்ணாமல் எப்படி இருப்பார்? தினமும் காலையில், பள்ளிக்கு எழுப்புகிற சாக்கில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பதினோராம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மணியடிக்குமுன்பே பள்ளி வாசலில் போய் நின்றார்.

"ஏம்பா வந்தீங்க?"

"சும்மாதான்."

ராஜம்மா பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டும். தேவிஸ்ரீ அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். "பாத்துக்குங்க. சூடு இல்லல்ல?"

வீட்டுக்குப் போகாமல் செர்காம் கடற்கரைக்குப் போனார்கள். சேற்றில் ஒரு நண்டு அவர் காலை நோக்கி வர, சிவசாமி துள்ளிக் குதித்ததில் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. தேவிஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், பழக்கதோஷத்தில், முகம் மாறத் தொடங்கியது.

"போதும்லா. இன்னிக்குச் சிரிச்சா…" என்று அவரைப்போலவே குரலைக் கனமாக்கி எடுத்துக்கொடுத்தாள்.

பயம் அங்கேதான் இருந்தது. அடிவயிற்றில் அதன் இடத்தை விட்டு அது அசையவில்லை. சிவசாமி அதோடேயே குனிந்து, சேற்றில் கைவிட்டுச் செருப்பைத் துழாவினார்.

"சிரிச்சா சிரிச்சதுதான்லா" என்றார். "இந்தா, கையப் பிடி. நான் விழுந்தா நீயும் விழுவே."