ஓபர்மாட் சலோமேயும் கடைசி பஸ்ஸும்

கத்தரி காதோரத்தில் வந்து நின்றுவிட்டால் எல்ஸ்பெத்துக்குத் தெரிந்துவிடும், கேள்வி வரப்போகிறது. ஒரு பக்கம் முடி வெட்டியாயிற்று. மறு பக்கம் ஈரத்தோடு தோளில் தொங்குகிறது. இந்தக் கோலத்தில் எழுந்து தெருவில் நடக்க முடியாது. சலோமே ஹெஃப்டிக்கும் அது நன்றாகவே தெரியும்.

"ஏழாவது தீர்மானத்துக்கு என்ன பண்ணப்போறீங்க எல்ஸ்பெத் அக்கா?"

"இன்னும் படிக்கலைம்மா."

"படிக்கலையா? தீர்மானப் புத்தகம் வீடு வீடா வந்து எத்தனை நாளாச்சு! அதை என்ன பண்ணினீங்க, மேஜை ஆடுதுன்னு காலுக்கு முட்டுக் கொடுத்துட்டீங்களா?"

எல்ஸ்பெத் உண்மையில் அதைத்தான் செய்திருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் அசடு வழிந்தது. சலோமே சீப்பைத் தன் தலையிலேயே செருகிக்கொண்டு ஏழாவது தீர்மானத்தை அதன் பாட்டன் காலத்திலிருந்து விளக்க ஆரம்பித்தாள். மறு பக்கத்து முடி அதற்குள் காய்ந்துபோய், மறுபடியும் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

ஓபர்மாட்டில் சலோமேயுடையது ஒன்றுதான் சலூன். ஆணோ பெண்ணோ, அவளை வேண்டாமென்றால் பள்ளத்தாக்கு இறங்கிக் கிளாருஸ் டவுனுக்குத்தான் போகவேண்டும். அதனால் ஊரின் அத்தனை தலைகளும் அவளிடம் அடக்கம். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாநிலத்து மக்களெல்லாம் டவுன் மைதானத்தில் கூடித் தீர்மானங்களுக்கு ஓட்டுப் போடுகிற சபைக்கு ஆறு வாரம் இருக்கும்போதே அவளுக்கு மூக்கு வியர்த்துவிடும். கடன்காரனைப் பார்த்த மாதிரி ஆண்பிள்ளைகள் அப்போது சலூன் பக்கம் வராமல் முடியை வளர்த்துக்கொண்டு திரிவார்கள். ஏப்ரலில் ஓபர்மாட்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இந்த ஊர் ஆண்களெல்லாம் ஏதோ நேர்த்திக்கடனில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

இந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டு வந்த அதே வருஷம்தான் தானும் பிறந்ததாகச் சலோமே சொல்லிக்கொள்வாள். கணக்குப் பார்த்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்; யாரும் பார்ப்பதில்லை. தீர்மானங்களைப் பற்றி அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. பனிச்சரிவைத் தடுக்கிற வேலி என்றால் படிக்காமலே கை தூக்குவாள். ரோட்டை அகலப்படுத்துவது என்றால் படிக்காமலே தூக்கமாட்டாள். எல்லாக் கட்சியும் ஒரே குரலில் ஆதரித்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "நாலு பேரும் சேர்ந்து சிரிச்சா நம்ம பர்ஸைத் தொட்டுப் பாத்துக்கணும்" என்பாள். 'தற்காலிக வரி' என்ற சொல்லைக் கண்டால் பென்சிலால் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கழுதைத் தலை வரைந்துவைப்பாள்.

சபையில் எல்லாரும் மஞ்சள் ஓட்டு அட்டையோடு கையைத் தூக்கித்தான் ஓட்டுப் போடவேண்டும். ரகசியம் கிகசியம் ஒன்றும் கிடையாது. யார் எதற்குத் தூக்கினார்கள் என்பதை அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவைத்துக்கொள்வாள். அடுத்த வாரம் அது நெற்றியில் தெரியும். சலோமேக்கு எதிராகத் தூக்கியவர்களின் முன்முடி ஒரு விரல்கடை அதிகம் வெட்டுப்பட்டுத் தூக்கலாகவே நிற்கும். கேட்டால், "வெயில் காலம் வருதில்ல, காத்தோட்டமா இருக்கட்டும்னு" என்று பதில் வரும்.

வருஷத்தில் சில தடவை தேச ஓட்டெடுப்பு வேறு வரும். ஊரே ஓட்டுக் கவரைத் தபாலில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கும். சலோமே மட்டும் ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள். அங்கே பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் இவளுக்காகவே காபி போட்டு வைத்திருப்பார்கள். அவள் புருஷன் காஸ்பருக்கு மர அறுவை ஆலையில் வேலை. வாய் திறந்து பேசுவது அவனுக்கு ஆகாத காரியம். ஒரு தடவை அவன் உள்ளே வைக்கிற சீட்டில் கையெழுத்துப் போடாமலே கவரை ஒட்டி அனுப்பிவிட்டான். ஓட்டு செல்லாமல் போயிற்று. அந்த மாதம் முழுக்க அவன் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கரண்டிக்குப் பதில் பேனா இருந்தது.

இத்தனை கெட்டிக்காரிக்கும் ஒரு சறுக்கல் உண்டு. ஊர் அதை மறக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு வேட்டைச் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தபோது, முன் வரிசையில் எல்ஸ்பெத் புதுச் சுருட்டை முடியோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். சுருட்டியது இவள் இல்லை. டவுனில் யாரோ! அந்த அதிர்ச்சியில் கை தானாக மேலே போய்விட்டது. எந்தச் சட்டம் ஒழியவேண்டும் என்று ஆறு வாரம் தொண்டை வறளப் பேசினாளோ, அதற்கே ஆதரவாக அட்டையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சுதான் தூக்கினேன்" என்பாள் இன்றைக்கும். "கடைசி நிமிஷத்துல மானை நினைச்சு மனசு மாறிடுச்சு."

போன வருஷம் வந்த அந்த ஏழாவது தீர்மானம்தான் அவளை நிஜமாகவே உலுக்கிவிட்டது. ராத்திரி டவுனிலிருந்து ஓபர்மாட்டுக்கு ஏறி வருகிற கடைசி பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்றது அரசு. ஆள் ஏறுவதில்லை, நஷ்டம். உண்மையும் அதுதான். பஸ் ஓட்டுகிற பால்ட்ஸ், பாதி நாள் தனக்குத்தானே பாடிக்கொண்டு வெறும் பஸ்ஸைத்தான் மலையேற்றுவான். தவறாமல் ஏறுகிற ஒரே ஆள் சலோமேயின் மகன் தீஸ். இருபது வயது. டவுனில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். பஸ் நின்றால் அவன் ராத்திரி வீட்டுக்கு வரமுடியாது, டவுனிலேயே தங்கவேண்டியதுதான். இருப்பது ஒரே பிள்ளை. அவன் வந்து ஷூவைக் கழற்றுகிற சத்தம் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"இந்தத் தடவை மேடையேறிப் பேசப்போறேன்" என்றாள் ஒருநாள், காஸ்பரின் பிடரியை மழித்துக்கொண்டே.

சபையில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம். ஆனால் சலோமே ஏறியதே இல்லை. காஸ்பர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"தீஸைக் கேட்டியா?"

"அவனை என்னத்தைக் கேக்கறது? அவனுக்காகத்தானே பேசறேன்! நீ தலையை ஆட்டாம இரு, காது போயிடும்."

காஸ்பர் தலையை ஆட்டாமல் இருந்தான்.

சபை நாளன்று காலையிலிருந்தே மழை. சபை நாள் சமையலான கன்றுக்குட்டி இறைச்சி சாசேஜை வந்து வேகவைக்கலாம் என்று உருளைக்கிழங்கை மட்டும் உரித்து வைத்துவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். மைதானத்தில் வட்டமாகப் போட்ட பலகைகளில் மாநிலமே குடையும் மழைக்கோட்டுமாக நின்றது. நடுமேடையில் தலைவர், பழைய வழக்கப்படி, சபை வாளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தீர்மானமாகக் கரைந்து ஏழாவது வந்தது. சலோமே ஏறினாள்.

முப்பது வருஷமாக அவள் பேசியதெல்லாம் பிடரிகளோடு. முகம் என்பது கண்ணாடிக்குள் இருக்கிற சமாசாரம். இப்போது ஆயிரக்கணக்கான முகங்கள் நேருக்கு நேராக அவளைப் பார்த்தன. கையில் கத்தரியும் இல்லை, எழுந்து போகாமல் யாரையும் பிடித்துவைக்க வழியும் இல்லை.  எழுதிவந்த பேச்சு கோட்டுப் பைக்குள் ஈரமாகிக் கூழாகியிருந்தது.

"மதிப்புக்குரிய தலைவரே, அன்பான நாட்டு மக்களே" என்று வழக்கப்படி தொடங்கினாள். அப்புறம் மனசில் இருந்தது அப்படியே கொட்டிவிட்டது. "அதோ நிக்கிறானே, பச்சை ஜாக்கெட், அவன் என் பையன் தீஸ். நாள் பூரா அடுப்படியில வெந்துட்டு வர்றான். ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டுட்டு வர்ற பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மா கையால ஒரு வாய் சூடா சூப் குடிக்கக் கூடாதா? ஒத்த ஆளுக்கு ஒரு பஸ்ஸான்னு கேக்கறாங்க. ஆமா, ஒத்த ஆளுக்குத்தான்! இன்னைக்கு எங்க ஊருக்கு பஸ் வேண்டாம்பாங்க, நாளைக்கு ஊரே வேண்டாம்பாங்க!"

கைதட்டல் எழுந்தது. சபையில் கைதட்டுவது வழக்கமில்லை. தலைவர் முகம் சுளித்தார். பச்சை ஜாக்கெட்டுக்கு மேலே தீஸின் முகம் வேகவைத்த பீட்ரூட்டாக இருந்தது.

இறங்கி வந்தாள். கைதட்டலில் அவள் காது குளிர்ந்திருந்தது. "எப்படி?" என்று காஸ்பரைக் கேட்டாள். "சூப்பை விட்டிருக்கலாம்" என்றான் காஸ்பர்.

தூக்கிய கை மறையக் கூடாதென்று எல்லாரும் குடையை மடக்கினார்கள். இங்கே கைகளை எண்ணுகிற பழக்கம் கிடையாது. தலைவர் மேடையிலிருந்து கண்ணால் அளந்து எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்வார். முதலில் பஸ் ஓடட்டும் என்பவர்கள், அப்புறம் நிறுத்தலாம் என்பவர்கள். மைதானம் இரண்டு தடவையும் ஒரே அளவு மஞ்சளாக இருந்தது. தலைவர் தலையைச் சொறிந்தார். மறுபடியும் தூக்கச் சொன்னார்.

பஸ்ஸுக்கு ஆதரவான கைகள் இரண்டாம் முறை எழுந்தன. முன்னால் நின்ற பால்ட்ஸ் அட்டையைக் கொடிபோல ஆட்டினான். காஸ்பரின் கை யாரும் சொல்லாமலே மேலே இருந்தது. சலோமே பெருமையோடு இந்தப் பக்கம் திரும்பினாள். தீஸின் இரண்டு கைகளும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன.

"டேய், எங்கடா பராக்குப் பாக்கறே? நம்ம ஓட்டுடா இது!"

"தெரியும்மா."

"தெரிஞ்சா தூக்கு!"

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஓட்டலுக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்கும்மா. கூட வேலை பாக்கறவங்க கூப்பிடறாங்க. பஸ் இருக்கிற வரைக்கும் நீ என்னை விடமாட்டே."

"அடப்பாவி! அதை வீட்டுல சொல்றதுக்கென்ன?"

"வீட்டுல எப்பம்மா என்னைப் பேசவிட்டே?"

சலோமேயின் முகத்தில் ஈயாடவில்லை.  சற்று முன்புதான் மாநிலமே கேட்க இவன் சூப்பைப் பற்றி முழங்கிவிட்டு வந்திருக்கிறாள். ஆத்திரமா, அவமானமா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. காஸ்பர் தொண்டையைக் கனைத்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்பது அந்தக் கனைப்பிலேயே தெரிந்தது.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். அன்று தலைவர் நெடுநேரம் அளந்துபார்த்து, அரசின் பக்கமே அதிகம் என்று அறிவித்தார். கடைசி பஸ் இப்போது ஓடுவதில்லை. தீஸ் திங்கட்கிழமைகளில் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து போகிறான். ஆனால் ஓபர்மாட்டில் பேசிக்கொள்வது அதையல்ல. அறிவிப்புக்குச் சற்று முன்னால் நடந்ததைத்தான்.

"பஸ்ஸை நிறுத்தலாம் என்பவர்கள், மறுபடியும்!" என்று தலைவர் குரல் கொடுத்தபோது மழை வலுத்துவிட்டது. பால்ட்ஸ் தன் கடமை முடிந்தது என்று பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் தீஸின் அட்டை மெல்ல எழுந்தது. தோளுக்கு மேல் போகத் தயங்கி, அம்மாவைப் பார்த்துக்கொண்டே அங்கேயே நின்றது. மேடையிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் கறுப்புத் துணிதான் தெரியும். சலோமே ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டே ஜெயிக்க அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

அவள் முன்னால் எட்டி பால்ட்ஸின் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, குடையை மடக்குங்க."

"எதுக்கு? இது அந்தப் பக்கத்து ஓட்டும்மா."

"தெரியுது. பின்னால என் பையன் கை தூக்கியிருக்கான். மேடைக்குத் தெரியவேணாமா?"

பால்ட்ஸ் ஒன்றும் புரியாமல் குடையை மடக்கினான். சலோமே தீஸின் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, அந்த மஞ்சள் அட்டையை அவன் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.